செட்டிநாட்டுக் கச்சேரி மண்டபம்: பழுது பார்க்கவும் பெரிதாக்கவும் எங்கிருந்து தொடங்குவது?

ஊருணிக்கரை எழுதியது:

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர்ப் பொதுவில் இருக்கும் கச்சேரி மண்டபத்தைப் பழுது பார்த்து, கூடவே பெரிதாக்கவும் ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. 1920-களில் கட்டியது. மைக் இல்லாத காலத்துக் கட்டடம், பாட்டு கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்கும்.

உள்ளளவு: நீளம் 21 மீட்டர், அகலம் 11, தரையிலிருந்து மச்சுப் பலகை வரை உயரம் 6.5. கீழே ஆத்தங்குடிக் கல். சுவர் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு. மச்சு முழுக்கத் தேக்குப் பலகை, அதற்கு மேல் ஓட்டைத் தாங்கும் பர்மா தேக்குக் கைமரம், நாட்டு ஓடு. இரண்டு பக்கமும் தாழ்வாரம். கதவும் ஜன்னலும் சேர்த்துத் திறப்பு ஏறக்குறைய 40 சதுர மீட்டர். 300 பேர் உட்காரலாம்.

இப்போதைய நிலை: வடமேற்கு மூலையில் ஒழுகல். மேற்குச் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்துப் பூச்சு கொட்டுகிறது. அந்த இடத்தில் முன்பு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். மேடைப் பலகையில் இரண்டு இடத்தில் கரையான்.

கமிட்டியில் மூன்று யோசனை ஓடுகிறது. மச்சுக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டு ஏசி வைப்பது ஒன்று. பின்பக்கம் 80 பேருக்குப் பால்கனி கட்டுவது இன்னொன்று. வடக்கே காலியிடத்தில் ஒப்பனை அறை, கழிப்பறை, சாப்பாட்டுக் கூடம், சிறிய அரங்கம் எடுப்பது மூன்றாவது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கைமரம் எழுதியது:

அண்ணே, மூன்று யோசனையையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் கூரையில் ஏறுங்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே செய்யும் எந்த வேலையும் வீண்.

வடமேற்கு மூலை என்கிறீர்கள். மண்டபக் கூரையும் தாழ்வாரக் கூரையும் சேரும் கூடல்வாயாகத்தான் இருக்கும். பத்துக்கு எட்டு ஒழுகல் அங்கேதான். நாட்டு ஓடு உடைந்து ஒழுகுவதைவிட, கூடல்வாய்த் தகடு துருப்பிடித்து ஒழுகுவதும், இலை தழை அடைத்துத் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் திரும்பி ஏறுவதும்தான் அதிகம். பழைய தகட்டின் மேல் தார் பூசி ஒப்பேற்றாதீர்கள். இரண்டு பக்கமும் ஓட்டைக் கழற்றி, அடிப்பலகை நன்றாக இருக்கிறதா பார்த்து, புதுத் தகடு போடுங்கள். இரண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில் குறைந்தது 15 சென்டிமீட்டர் தகடு நுழைய வேண்டும், ஓரத்தை மடித்துவிட வேண்டும். தகட்டின் நடுவில் ஆணி அடிக்கக் கூடாது. ஓரத்தில் மட்டும் கொக்கி.

அடுத்தது கைமர முனை. சுவருக்குள் புதைந்திருக்கும் 30 சென்டிமீட்டர்தான் முதலில் போகும். வெளியிலிருந்து பார்த்தால் மரம் இரும்பு மாதிரி நிற்கும், உள்ளே தூளாக இருக்கும். சுத்தியால் ஒவ்வொரு முனையையும் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது, பொத்தென்று கேட்டால் குத்தூசியால் குத்திப் பாருங்கள். ஈரமானியில் 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டும் இடத்தில் பூஞ்சை வேலை செய்யத் தொடங்கியிருக்கலாம்.

முனை மட்டும் போயிருந்தால் முழு மரத்தையும் மாற்ற வேண்டாம், அந்தக் கனத்தில் பர்மா தேக்கு இனி கிடைக்காது. கெட்டதை நல்ல மரம் வரும்வரை வெட்டி, சாய்வு இணைப்பாகப் பழைய தேக்குத் துண்டையே சேருங்கள். சாய்வின் நீளம் மரத்தின் உயரத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு இருக்கட்டும். துருப்பிடிக்காத எஃகு போல்ட், இரண்டு பக்கமும் பெரிய வாஷர். இடித்த வீட்டுத் தேக்கு காரைக்குடிக் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது பழைய ஆணி உள்ளே இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். திரும்பச் சுவரில் வைக்கும்போது மூன்று பக்கமும் விரலளவு காற்றோட்டம் விடுங்கள். அடைத்துப் பூசினால் பழையபடியே மக்கும்.

ஓட்டைக் கழற்றுவதற்கு முன் மச்சுப் பலகை ஒவ்வொன்றுக்கும் மேல்பக்கம் எண் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பக்கம் எழுதாதீர்கள்.


சுண்ணாம்புக்கை எழுதியது:

மேற்குச் சுவரைப் பற்றி. இடுப்பளவுக்கு உப்பு என்றால் அது கீழிருந்து ஏறும் ஈரம். பழைய சுவர் தரை ஈரத்தைக் குடித்து, பூச்சு வழியாக வெளியே விடும். சிமெண்ட் பூசியதும் அந்த வழி அடைந்துபோய், ஈரம் சிமெண்டுக்கு மேலே ஏறி வெளிவரும். அதனால்தான் சிமெண்ட் முடியும் கோட்டுக்கு மேலே பூச்சு கொட்டுகிறது.

செய்ய வேண்டியது: சிமெண்டை உளியால் மெல்ல எடுங்கள், பிரேக்கர் வேண்டாம். செங்கல் ஓரம் உடைந்தால் சுவரே பலவீனமாகும். மூட்டுகளை இரண்டு சென்டிமீட்டர் ஆழம் சுரண்டுங்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து உள்ளே போய்விடும். முதலில் உலர்ந்த துடைப்பத்தால் தட்டி அள்ளுங்கள். பிறகு காகிதக் கூழும் களிமண்ணும் குழைத்துச் சுவரில் அப்பி, காய்ந்து தானாக விலகும்வரை விட்டு எடுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். வெளிப்பக்கம் சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளம் போட்டிருந்தால் அதையும் ஒரு மீட்டர் அகலத்துக்கு எடுத்துவிட்டு ஜல்லி நிரப்புங்கள். அதைச் செய்யாமல் உள்ளே என்ன பூசினாலும் நிற்காது.

புதுப் பூச்சுக்குச் சுண்ணாம்பை நீற்றி, தண்ணீருக்கு அடியில் குறைந்தது ஒரு மாதம் ஊறவிடுங்கள். நீறாத கட்டி ஒன்று இருந்தாலும் பூசிய பிறகு அது நீறி, அந்த இடம் பொரிந்து குழி விழும். அடிப்பூச்சு சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, அடுத்தது ஒன்றுக்கு இரண்டு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் அரைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். எவ்வளவு என்பதில் கொத்தனாருக்குக் கொத்தனார் கணக்கு வேறு. சுண்ணாம்பு எடைக்கு நூற்றுக்கு ஐந்து என்று மாதிரி போட்டுப் பார்த்து அங்கிருந்து கூட்டிக் குறையுங்கள். வெல்லம் மிஞ்சினால் இறுக மறுக்கும்.

கடைசிப் பூச்சுதான் முட்டைச் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய்ப் பதமாக அரைத்து, வெள்ளைக் கருவைச் சேர்த்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கனம் இல்லாமல் இழைக்க வேண்டும். பிறகு கூழாங்கல்லால் தேய்ப்பு. தேய்க்கத் தேய்க்கச் சுவர் வேர்க்கும். அந்த வேர்வையை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, மாக்கல் தூள் தூவித் திரும்பத் தேய்க்க வேண்டும். வேர்ப்பது நிற்கும்வரை விடக் கூடாது. சுவரின் ஒரு பகுதியை ஆரம்பித்தால் அதே நாளில் முடிக்க வேண்டும், பாதியில் விட்டால் ஒட்டுப் போட்ட கோடு காலத்துக்கும் தெரியும். எமல்ஷன் பெயின்ட் மட்டும் மறந்தும் அடிக்காதீர்கள்.


பள்ளத்தூரான் எழுதியது:

பழைமையைக் காப்பதில் எல்லோருக்கும் அக்கறை உண்டு. ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் 300 பேரை உள்ளே உட்கார வைத்துப் பாருங்கள். கம்பன் விழாவே பங்குனியில்தான் வருகிறது. வயதானவர்கள் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். ரசிகர் வராத மண்டபத்தை அழகாக வைத்து என்ன பயன்? ஃபால்ஸ் சீலிங் போட்டால் கன அளவு குறையும், ஏசியும் சின்னதாகப் போதும். பழைய மச்சு மேலே பத்திரமாக இருக்கும், எதையும் உடைக்கப் போவதில்லை. இதில் தப்பு என்ன என்று கணக்கோடு சொல்லுங்கள்.


எதிரொலி எழுதியது:

கணக்கோடு சொல்கிறேன் ஐயா. உங்கள் கேள்வி நியாயமானது.

ஒலி நின்ற பிறகு அதன் முழக்கம் அடங்க எடுக்கும் நேரம்தான் எதிர்முழக்க நேரம். அதற்குச் சாபின் சூத்திரம்: கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் (ஒவ்வொரு பரப்பையும் அதன் உறிஞ்சும் வீதத்தால் பெருக்கிக் கூட்டியது) வகுக்க வேண்டும். கன அளவு 21 × 11 × 6.5, அதாவது 1,500 கன மீட்டர். அதை 0.161-ஆல் பெருக்கினால் 241.

ஆள் இல்லாதபோது உறிஞ்சல், நடுத்தர அதிர்வெண்ணில்: தரை 231 சதுர மீட்டர், 0.02 வீதம், 4.6. சுவர் 376, 0.03 வீதம், 11.3. தேக்கு மச்சு 231, 0.10 வீதம், 23. மூடிய கதவு ஜன்னல் 4. மொத்தம் 43. எதிர்முழக்கம் 5.6 நொடி. காலி மண்டபத்தில் கைதட்டினால் முழங்குவது இதனால்தான்.

300 பேர் வந்து உட்கார்ந்தால் ஆளுக்கு 0.45 வீதம் 135 கூடும். மொத்தம் 178. நேரம் 1.36 நொடி. ஜன்னலில் பாதியைத் திறந்துவிட்டால் 1.23. கர்நாடக இசைக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை நொடிக்குள் இருப்பது அருமையான இடம். குரலுக்கு நிறைவும் கிடைக்கும், மிருதங்கத்தில் நொடிக்கு எட்டுச் சொல் விழுந்தாலும் தனித்தனியாகக் கேட்கும். பக்கத்து ஊர்க்காரரான அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையில் மத்தியம காலம் என்ற விறுவிறுப்பான நடுத்தர வேகத்துக்குத்தான் முதலிடம். அந்த வேகத்துக்கு இந்தத் தெளிவு வேண்டும்.

இப்போது ஃபால்ஸ் சீலிங். 4.5 மீட்டர் உயரத்தில் மினரல் ஃபைபர் பலகை என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 1,040 ஆகிறது. பலகையின் உறிஞ்சல் 0.65 வீதம் 150. 300 பேரோடு மொத்தம் 301. எதிர்முழக்கம் 0.56 நொடி. இது செய்தி வாசிக்கும் அறைக்குச் சரி. பாடகர் குரல் வாயை விட்டு வெளியே வந்ததும் அணைந்துவிடும். பிறகு அதை ஈடுகட்ட ஸ்பீக்கர், செயற்கை எதிரொலி என்று போக வேண்டியதுதான். அதுவும் மிக உயர்ந்த சுருதியை மட்டும் தின்று கீழ்ச்சுருதியை விட்டுவைக்கும், அதனால் மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பி மட்டும் குமுறும்.

ஜிப்சம் பலகை போட்டால் இவ்வளவு உறிஞ்சாது என்பார்கள். உண்மைதான். ஆனால் இரண்டு மீட்டர் உயரம் போனதே போனதுதான். பக்கச் சுவரிலும் மச்சிலும் பட்டு வரும் ஒலியின் வரிசை மாறிவிடும். தவிர, தேக்கு மச்சு சும்மா இல்லை. பலகைக்குப் பின்னால் காற்றிடம் இருப்பதால் அது தாழ்ந்த ஒலியில் மெல்ல அதிர்ந்து உறிஞ்சுகிறது. வெறும் கல், சுண்ணாம்பு மண்டபத்தில் மிருதங்கம் குமுறாமல் இருப்பதற்குக் காரணம் அந்த மச்சுதான். அதன் முதுகில் பிளைவுட் அறைவதும் கான்கிரீட் ஊற்றுவதும்கூட அதே தீங்கு.


பள்ளத்தூரான் எழுதியது:

கணக்கு புரிகிறது. ஃபால்ஸ் சீலிங் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெயில் பிரச்சினை அப்படியே நிற்கிறது.


ஊருணிக்கரை எழுதியது:

எதிரொலி அவர்களே, எங்களுக்கு எல்லா நாளும் 300 பேர் வருவதில்லை. மாதக் கச்சேரிக்கு 100 பேர் வந்தால் அதிகம். அப்போது என்ன ஆகும்?


எதிரொலி எழுதியது:

100 பேருக்கு மொத்த உறிஞ்சல் 88, நேரம் 2.7 நொடி. வயலின் தனியாக வாசித்தால் இனிக்கும், மிருதங்கத்தின் தனி வாசிப்பான தனி ஆவர்த்தனம் குழம்பும்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, பின்சுவரிலும் பக்கச் சுவரின் பின்பாதியிலும் இழுத்து மூடும் கனத்த திரை. 60 சதுர மீட்டர் திரை, துணி இரண்டு மடங்கு எடுத்து மடிப்பாகத் தொங்கினால் 33 கூடும், நேரம் 2.0-க்கு வரும். சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளித் தொங்க வேண்டும், ஒட்டித் தொங்கினால் பாதிப் பயன்தான். கூட்டம் நிறைந்த நாளில் முழுக்க ஒதுக்கிவிட வேண்டும். முன்பாதியில், மேடைக்குப் பக்கத்துச் சுவரில் திரை வேண்டவே வேண்டாம். பாடகருக்கும் பக்கவாத்தியத்துக்கும் ஒருவரையொருவர் கேட்கச் செய்வது அந்தச் சுவர்தான்.

இன்னொன்று நாற்காலி. இப்போது பிளாஸ்டிக் நாற்காலி இருந்தால் அதற்குப் பதில் இருக்கையிலும் முதுகிலும் மெத்தை வைத்த மர நாற்காலி. காலி நாற்காலி ஒவ்வொன்றும் 0.25 உறிஞ்சும். 200 காலி நாற்காலி 50. திரையோடு சேர்த்தால் 100 பேர் வந்த நாளிலும் 1.4 நொடி. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மண்டபத்தின் ஒலி பெரிதாக மாறாது. இருக்கைக்கு அடிப்பக்கம் மூடிய பலகை வேண்டாம், துளையிட்டது நல்லது. ஜமக்காளம் விரித்தால் போதாதா என்றால், போதாது. மெல்லிய விரிப்பு மேல் ஒலியை மட்டும் கொஞ்சம் குடிக்கும்.

எதையும் தொடுவதற்கு முன் இன்றைய ஒலியை அளந்து வையுங்கள். காலி மண்டபத்தில் ஒரு முறை, கூட்டத்தோடு ஒரு முறை. மேடை நடுவில் பெரிய பலூனை ஊதி உடைத்து, எட்டு இடத்தில் நல்ல ரெக்கார்டரில் பதியுங்கள். ரெக்கார்டரின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாட்டை நிறுத்தியிருக்க வேண்டும். நின்ற இடத்தைத் தரையில் குறித்து வரைபடத்தில் ஏற்றுங்கள். வேலை முடிந்தபின் அதே இடத்தில் அளந்து ஒப்பிட இது ஒன்றுதான் ஆதாரம்.


வளவு ஆச்சி எழுதியது:

பால்கனி பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அதை இப்போதே கைவிடுங்கள்.

80 பேருக்கு நடைபாதை சேர்த்து 60 சதுர மீட்டர் வேண்டும். நிலையான இருக்கை இல்லாத கூட்ட இடத்துக்கு இந்தியத் தரநிலை 875 சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் சுமை கேட்கிறது. மொத்தம் 300, அதாவது 30 டன். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் உத்தரம் சொருகி இந்தச் சுமையை ஏற்றக் கூடாது. தனித் தூண் நிறுத்தினால் ஆத்தங்குடித் தரையைத் தோண்டி அஸ்திவாரம் போட வேண்டும். அகலம் 11 மீட்டர் என்பதால் பால்கனி 5.5 மீட்டர் ஆழம் வரும். அதன் அடியில் நிற்கும் உயரமோ 2.7-தான். பால்கனிக்கு அடியில் உள்ள இடத்தின் ஆழம் அதன் வாயின் உயரத்தைத் தாண்டினாலே உள்ளே இருப்பவர்களுக்கு ஒலி மங்கும். இங்கே இரண்டு மடங்கு. 80 இருக்கை சேர்த்து, கீழே நல்ல 80 இருக்கையைக் கெடுப்பீர்கள்.

பெரிதாக்குவது என்றால் வடக்கே தனிக் கட்டடம்தான். உலகத்தில் பேர்பெற்ற மண்டபங்களும் அப்படித்தான் செய்திருக்கின்றன. வியன்னாவின் மியூசிக்ஃபெராய்ன் 1870-இல் திறந்தது. இடம் போதாமல் 2004-இல் நான்கு புது அரங்கங்களைத் தரைக்கு அடியில் எடுத்தார்கள், பழைய பெரிய அரங்கை அப்படியே விட்டார்கள். ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மரத்தூண்கள் மேல் நின்றது. அவை மக்கிக் கட்டடம் இறங்கத் தொடங்கியபோது 1980-களில் அஸ்திவாரத்தை மாற்றினார்கள், கூடவே பக்கத்தில் புதுச் சிறகு சேர்த்து வாசல், உடைமாற்றும் இடம் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோனார்கள்.

உங்கள் இடத்தில் கவனிக்க வேண்டியது அஸ்திவாரம். முதலில் வடக்குச் சுவர் ஓரம் ஒரே ஒரு சோதனைக் குழி தோண்டிப் பழைய அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். பழையது 1.2 மீட்டர், புதியது 2 மீட்டர் போகும் என்றால் வித்தியாசம் 0.8. பழைய அஸ்திவார அடியிலிருந்து 45 பாகையில் இறங்கும் கோட்டுக்குள் புதுக் குழி வரக் கூடாது, ஆகவே 0.8 மீட்டராவது தள்ள வேண்டும். மழைக்காலத்தில் மண் சரியும் என்பதால் அதற்கும் மேல் விடுவது நல்லது. மூன்று மீட்டர் இடைவெளி விட்டு, நடுவில் ஓடு வேய்ந்த நடை ஒன்றால் இணையுங்கள். அந்த நடையின் கூரை பழைய சுவரில் ஏறி உட்காரக் கூடாது, தன் தூணிலேயே நிற்கட்டும். தண்ணீர் தள்ளும் தகடு மட்டும் சுவர் மூட்டில் சொருகினால் போதும்.

கழிப்பறை எந்தச் சுவரிலும் பழைய கட்டடத்தைத் தொடக் கூடாது. புதுக் கட்டடத்தின் வடகோடியில் வையுங்கள். புதுக் கட்டடத்துக்குத் தகரக் கூரை வேண்டாம். மழை பெய்தால் அந்த இரைச்சல் மண்டபத்துக்குள் ஆலாபனையை மூழ்கடிக்கும்.


மேடைப்பக்கம் எழுதியது:

வெயிலுக்கு வழி சொல்கிறேன், பள்ளத்தூரான் அண்ணே. கூடவே மேடையும்.

முழு ஏசி என்றால், உட்கார்ந்திருக்கும் ஆள் ஒவ்வொருவரும் 120 வாட் வெப்பம் விடுகிறார். 300 பேருக்கு 36 கிலோவாட், அதுவே 10 டன். வெளிக்காற்று, கூரை வெப்பம் எல்லாம் சேர்த்தால் 25 முதல் 30 டன் வரும். ஸ்பிளிட் ஏசி பத்துப் பதினைந்தைச் சுவரில் மாட்டினால் பூச்சும் போகும், இரைச்சலும் மேடைக்கு வரும். மாதத்தில் இரண்டு நாள் குளிரவைத்து மற்ற நாள் சூடாக விட்டால் தேக்குப் பலகை மூட்டு விட்டுப் பிளக்கும். மழைக்காலத்தில் குளிர்ந்த சுவரில் வெளி ஈரம் படிந்து, சுண்ணாம்புக்கை சொன்ன அதே உப்புப் பிரச்சினையைத் திரும்பக் கொண்டுவரும்.

அதற்குப் பதில் மச்சுக்கும் ஓட்டுக்கும் இடையில் சிக்கியிருக்கும் சூட்டை வெளியேற்றுங்கள். முகட்டின் இரண்டு முனையிலும் காற்றுவாய் இருந்து அடைத்திருப்பார்கள், திறந்து வலை போடுங்கள். பகலில் அங்கே மெதுவாக ஓடும் வெளியேற்று விசிறி, கச்சேரி நேரத்தில் நிறுத்திவிடலாம். கீழே பெரிய விட்டமுள்ள, மெதுவாகச் சுற்றும் விசிறி இரண்டு. வேகச் சின்ன விசிறி பத்து மாட்டினால் மைக்கில் வெட்டி வெட்டிக் கேட்கும். மேடைக்கு நேர் மேலே விசிறி கூடாது, சுருதி நடுங்குவது போலக் கேட்கும். தாழ்வாரத்தில் மாலை மூன்று மணிக்கே வெட்டிவேர்த் தட்டியை நனைத்துவிடுங்கள், வறண்ட பங்குனிக் காற்றில் அது நன்றாக வேலை செய்யும். ஏசியைப் புதிய சின்ன அரங்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கோடையில் நூறு பேர் நிகழ்ச்சியை அங்கே நடத்தலாம்.

மேடை: கரையான் என்றதும் பலகையைப் பெயர்த்துக் கான்கிரீட் மேடை போடச் சொல்வார்கள். வேண்டாம். நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் 1986-இல் பெரிய சீரமைப்பு நடந்தபின் ஒலி மாறிவிட்டது என்று கலைஞர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1995-இல் மேடைப் பலகையைக் கழற்றியபோது அடியில் கான்கிரீட் இருந்தது, பெயர்த்து எடுத்தார்கள். நம் மேடைக்கு 25 மில்லிமீட்டர் தேக்குப் பலகை, 45 சென்டிமீட்டருக்கு ஒரு சட்டம், அடியில் காலியிடம். சட்டங்கள் தரைமேல் நேராக உட்காராமல் கருங்கல் துண்டின்மேல் உட்காரட்டும், கரையான் ஏறும் தடம் கண்ணுக்குத் தெரியும். முன்பக்கமும் பின்பக்கமும் வலை போட்ட காற்றுத் துளை. ஆள் உள்ளே ஊர்ந்துபோய்ப் பார்க்க ஒரு திறப்புக் கதவு கட்டாயம். மைக் ஸ்டாண்டுக்கு அடியில் ரப்பர் தட்டு வையுங்கள், இல்லாவிட்டால் தாளம் போடும் தொடைத்தட்டல்கூடப் பலகை வழியாக மைக்கில் ஏறும்.


தரைக்கல் எழுதியது:

தரையைப் பற்றி. ஆத்தங்குடிக் கல்லின் வண்ண அடுக்கு சில மில்லிமீட்டர்தான். கண்ணாடிமேல் வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே உலர்ந்த மணல்-சிமெண்ட் தூவி, பிறகு ஈரச் சாந்து அப்பி எடுப்பது. பளபளப்பு கண்ணாடி தந்தது, மெருகு தந்ததல்ல. மெஷின் பாலிஷ் போட்டால் அந்த முகமே தேய்ந்துபோகும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் சிமெண்ட் கரைந்து சொரசொரப்பாகும், பிறகு அழுக்கு ஏறும்.

உடைந்ததை மட்டும் மாற்றுங்கள். கல்லின் நடுவில் உளி வைத்து உடைத்து ஓரத்துக்கு வாருங்கள், பக்கத்துக் கல் தப்பும். புதுக் கல் செய்யக் கொடுக்கும்போது பழைய கல்லையே மாதிரியாகக் கொடுங்கள். போட்டோ காட்டினால் வண்ணம் மாறும். 20 விழுக்காடு கூடுதலாக வாங்கி ஒரு வருடமாவது வைத்திருங்கள். புதிதாகப் போட்ட கல் ஆரம்பத்தில் பக்கத்துக் கல்லைவிட அடர்த்தியாகத் தெரியும், நடமாட்டத்திலும் தேங்காயெண்ணெய்த் துடைப்பிலும் பழையதோடு சேர்ந்துவிடும். படுக்கைச் சாந்தும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும். சாரம் கட்டும்போது கால் ஊன்றும் இடத்தில் மணல் மூட்டையும் பலகையும் போடாமல் இரும்புக் குழாயை நேராகக் கல்மேல் நிறுத்திவிடுவார்கள், அதில் போகும் கல்தான் அதிகம்.


ஊருணிக்கரை எழுதியது:

பால்கனியையும் ஃபால்ஸ் சீலிங்கையும் கமிட்டியில் கைவிடச் சொல்கிறேன். தை மாதம் தொடங்கினால் எந்த வரிசையில் போவது? சித்திரையிலேயே பூச்சை முடித்துவிடலாம் என்கிறார் எங்கள் மேஸ்திரி.


சுண்ணாம்புக்கை எழுதியது:

சித்திரையில் சுண்ணாம்புப் பூச்சு வேண்டாம். அக்கினி நட்சத்திரத்து வெயிலில் ஒரே நாளில் ஈரம் பறந்துவிடும், சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமிலவாயுவை இழுத்துக் கல்லாவதற்கு ஈரம் வேண்டும். ஈரம் போனால் மயிரிழை வெடிப்பு விழும், தேய்த்தால் மாவாக உதிரும்.


கைமரம் எழுதியது:

தையில் அளவெடுப்பு, ஒலி அளப்பு, சாரம். மாசி, பங்குனியில் ஓடு கழற்றல். ஒரேயடியாக முழுக் கூரையையும் திறக்காதீர்கள். நான்கு பாகமாகப் பிரித்து, ஒன்றை மூடிய பிறகு அடுத்தது. கோடை மழை சொல்லிக்கொண்டு வராது. பெரிய தார்ப்பாய் எப்போதும் மேலேயே இருக்கட்டும். ஆனி முடிவதற்குள் கூரை மூடியாக வேண்டும்.


சுண்ணாம்புக்கை எழுதியது:

கூரை மூடியதும் உள்பூச்சு ஆடியில் தொடங்கலாம். ஆடிக் காற்று ஈரத்தை இழுக்கும், அதனால் ஜன்னலுக்கு நனைத்த சாக்குத் தொங்கவிட்டு, முதல் பத்து நாள் சுவரில் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். புரட்டாசிக்குள் தேய்ப்பு முடிய வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூச்சு பச்சையாகவே கிடக்கும். தரை வேலை எல்லாவற்றுக்கும் கடைசி.


வளவு ஆச்சி எழுதியது:

கூரைத் தண்ணீரையும் இப்போதே கணக்குப் போடுங்கள். 231 சதுர மீட்டரில் மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை அடித்தால் நிமிடத்துக்கு 385 லிட்டர் இறங்கும். 110 மில்லிமீட்டர் குழாய் நான்கு, மூலைக்கு ஒன்று. அடியில் கல் தொட்டி, அதிலிருந்து வாய்க்காலாக ஊருணிக்கு. சுவர் ஓரம் ஒரு சொட்டும் தேங்கக் கூடாது. தாழ்வாரம், புதுக் கட்டடம் இரண்டின் தண்ணீருக்கும் தனிக் குழாய் வேண்டும், இந்த நான்கில் சேர்க்காதீர்கள்.


மேடைப்பக்கம் எழுதியது:

தீக்கும் வழி பாருங்கள், மச்சு முழுக்கத் தேக்கு. பழைய வயரிங்கை அப்படியே புதுப்பிக்காமல் முழுக்க மாற்றுங்கள். மச்சுக்கு மேலே போகும் ஒவ்வொரு ஒயரும் இரும்புக் குழாய்க்குள் போகட்டும், எலி கடித்துத்தான் அங்கே தீப்பொறி வரும். சுவிட்ச் போர்டுக்குப் பழைய பூச்சை வெட்டாதீர்கள், சுவரோரத் தேக்குச் சட்டத்துக்குப் பின்னால் ஒயரைக் கொண்டுபோகலாம். ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் தனித்தனி இணைப்பு, எர்த் ஒரே இடத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் உறுமல் நிற்காது.

வாசல் கதவு உள்பக்கம் திறக்கும். நெருக்கடியில் கூட்டம் முட்டினால் திறக்க முடியாது. கதவை மாற்ற வேண்டாம். நிகழ்ச்சி நேரத்தில் வாசலின் இரண்டு கதவையும் சுவரோடு சேர்த்துக் கொக்கி போட்டுத் திறந்தே வையுங்கள், பக்கத் தாழ்வாரக் கதவுகளையும் அப்படியே. அதற்கென்று ஒரு ஆளை நியமியுங்கள்.


ஊருணிக்கரை எழுதியது:

ஒப்பனை அறையில் தம்புராவையும் வீணையையும் வைக்கத் தனி இடம் கேட்கிறார்கள். அங்கே ஏசி போடலாமா?


எதிரொலி எழுதியது:

போட வேண்டாம். குளிர் அறையிலிருந்து எடுத்துச் சூடான மேடைக்கு வந்தால் தந்தி இறங்கும், மிருதங்கத் தோல் விட்டுக்கொடுக்கும், கலைஞருக்குப் பாதிக் கச்சேரி சுருதி சேர்ப்பதிலேயே போகும். மண்டபத்தின் வடசுவர் நிழல் விழும் பக்கத்தில் வெயில் படாத அறை, தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயர மரப் பலகை, ஜன்னலுக்கு வலை. அங்கிருந்து மேடைக்குப் படி ஏறாமல் சமதளத்தில் வர வேண்டும். நடையின் தரை உயரத்தை மேடையின் பின்பக்க மட்டத்துக்கு ஏற்றுவது இப்போது வரைபடத்திலேயே செய்யக்கூடியது. கட்டிய பிறகு சரிவு போட்டால் மூன்று மீட்டர் இடைவெளியில் செங்குத்தாகிவிடும்.


ஊருணிக்கரை எழுதியது:

மேடை தரையிலிருந்து 75 சென்டிமீட்டர். நடையை அந்த மட்டத்தில் எடுக்கச் சொல்லி வரைபடம் திருத்தக் கொடுத்துவிடுகிறேன். சோதனைக் குழி வருகிற வாரம் தோண்டுகிறோம், ஆழம் தெரிந்ததும் இங்கே போடுகிறேன்.


வளவு ஆச்சி எழுதியது:

குழியைச் சுவரின் நடுப்பகுதியில் தோண்டுங்கள், மூலையில் வேண்டாம். அடியில் என்ன மண், செம்மண்ணா, களியா, செம்புறாங்கல்லா என்று ஒவ்வொரு 30 சென்டிமீட்டருக்கும் ஒரு கைப்பிடி எடுத்துத் தனித்தனிப் பையில் போட்டு ஆழத்தை எழுதி வையுங்கள். பார்த்ததும் அதே மண்ணைப் போட்டு, அரையடிக்கு அரையடி தண்ணீர் விட்டு இடித்து மூடிவிடுங்கள். திறந்த குழியை ஒரு மழைக்கும் விட்டுவைக்கக் கூடாது.